மிதக்காத கதவு

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அதன் பாலங்களை வைத்தோ பல்கலைக்கழகங்களை வைத்தோ அளப்பது பாமரர் வழக்கம். விஷயம் தெரிந்தவர்கள் அப்படி அளப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அங்கே எத்தனை பேர் கைதானார்கள் என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நம் கதையின் நகரம் தலைகுனிந்து நின்றது. ஒருவர்கூடக் கைதாகவில்லை.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, போகும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போயிருந்தது. காவல் நிலையத்தில் ஜன்னல்வரை சேறு. போக்குவரத்து விளக்குகள் செத்துக் கிடந்தன. சட்டம் ஒழுங்கு என்று ஒன்று ஊரில் அறவே இல்லை. இந்தப் பயங்கரமான நிலைமையைப் பயன்படுத்திக்கொண்டு மக்கள் ஒழுங்காக நடந்துகொள்ளத் தொடங்கினார்கள்.

நாற்சந்தியில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் நின்று கைகாட்டினார். லாரிகள் அவருக்குக் கட்டுப்பட்டு நின்றன. ரொட்டிக் கடைக்காரர் நனையாத மாவையெல்லாம் சுட்டு வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எடுத்தவர்கள் ஆளுக்கு ஒன்றுதான் எடுத்தார்கள். இவை எல்லாம் எந்த அதிகாரியின் உத்தரவும் இல்லாமல் நடந்தன என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

கீழ்த்தெருவில் நடந்தது இன்னும் மோசம். மேட்டுத்தெரு வீடுகளிலிருந்து அடித்துக்கொண்டு போன சாமான்கள் எல்லாம் பள்ளத்தில் இருந்த கீழ்த்தெருவில் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தத் தெருக்காரர்கள் அவற்றைக் கழுவித் துடைத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பரப்பி வைத்தார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் வந்து, இது என் ஃபிரிட்ஜ், அது என் மாமியாரின் கட்டில் என்று அடையாளம் சொல்லி எடுத்துப்போனார்கள். வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. முத்திரை இல்லை, சாட்சி இல்லை. பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், பகிரங்கமாக நேர்மையாக இருந்தார்கள். தட்டிக்கேட்க நாதியில்லை.

அப்படிச் சொல்வதும் தவறு. தீர்ப்பு ஐயா இருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. காப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூடச் சற்று யோசித்துத் தீர்ப்பாகத்தான் சொல்வார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. தாத்தா நீதிபதி. அப்பா நீதிபதி. மகன் வெளியூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதில்லை. மேட்டுத்தெருவில் தாத்தா கட்டிய வீட்டில் ஐயாவும் மருமகளும்தான் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததில்லை. இன்றைய தலைமுறைக்கு இதன் அருமை தெரியாது.

அந்த வீட்டின் வாசல் கதவு ஊருக்கே தெரிந்த கதவு. தேக்கு. பித்தளைக் குமிழ்கள். "அந்த ஆறே வந்து தட்டினாலும் நான் சொல்லாம இந்தக் கதவு திறக்காது" என்று தாத்தா சொல்லியிருந்தார். ஒரு குடும்பத்துக்குச் சொத்து இருக்கலாம், படிப்பு இருக்கலாம். இப்படி ஒரு வாக்கியம் இருப்பது அபூர்வம். அந்த வாக்கியத்தை மூன்று தலைமுறையாகக் கட்டிக் காத்தார்கள். கதவைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.

ஆறு வந்தது. தட்டவில்லை. மாடிப்படியின் பாதியில் தீர்ப்பு ஐயா நின்றிருந்தார். அவருக்கு ஒரு படி மேலே மருமகள். கதவு ஒருமுறை முனகியது. நிலையிலிருந்து பிய்ந்துகொண்டு மல்லாந்து படுத்தது. கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசல் வழியாக மரியாதையாக வெளியே மிதந்து போனது.

"மாமா, கதவு போகுது" என்றாள் மருமகள்.

"எந்தக் கதவு?"

"நம்ம வாசக்கதவுதான். அதோ, கேட் பக்கம் திரும்புது பாருங்க."

தீர்ப்பு ஐயா பார்த்தார். அது தெருமுனையில் மறையும்வரை கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நம்ம கதவு மிதக்காது."

தண்ணீர் வடிந்ததும் மருமகள் வாசலில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். அதில் பெரிய பெரிய மஞ்சள் பூக்கள் இருந்தன. நீதிபதிப் பரம்பரையின் கடைசி நீதிபதி வெளியே போகும்போதும் வரும்போதும் அந்தப் பூக்களை விலக்கிக்கொண்டு நாடகத்தில் ராஜா வருவதுபோல வர வேண்டியிருந்தது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோம்மா. கதவு வெள்ளத்துல போச்சுன்னு வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார்.

"ஊர்ல பாதிப் பேரு வீட்டுல கதவு போயிருக்கு மாமா. இதுல என்ன வெட்கம்?"

"அவங்க தாத்தா யாரும் ஆத்துக்கிட்ட சவால் விடலையே."

"அப்ப, கதவு எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

தீர்ப்பு ஐயா கண்களை மூடித் திறந்தார். இரு தரப்பையும் விசாரித்து முடித்ததற்கு அது அடையாளம்.

"தண்ணியால முடியாது. தண்ணியை விட்டா, மனுஷனாலதான் முடியும். அப்ப அது திருட்டு" என்றார்.

"நாம ரெண்டு பேருமே நின்னு பார்த்தோமே மாமா."

"பார்க்கிறது வேற. நிரூபிக்கிறது வேற."

இப்படிப்பட்ட தெளிவு உள்ள ஒருவரைத்தான் நகரத்தின் 'சட்டம் ஒழுங்கு மீட்புக் குழு'வுக்குத் தலைவராகப் போட்டார்கள். குழு ஆட்சியர் அலுவலகத்தின் மேல்மாடியில் கூடியது. கீழ்மாடி இன்னும் மீட்கப்படவில்லை. காவல் ஆணையர், வணிகர் சங்கத் தலைவர், சுகாதார அதிகாரி எல்லோரும் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு கம்பீரமாக அமர்ந்திருந்தார்கள்.

ஆணையரின் முகம் வாடிக் கிடந்தது.

"லாரி லாரியா ஆயுதப்படை வந்து இறங்கியிருக்கு. எத்தனை கொள்ளைக்காரனைப் பிடிச்சீங்கன்னு மேலேருந்து போன் மேல போன். நான் என்ன பதில் சொல்றது?"

"கொள்ளை நடக்கலைன்னு சொல்லுங்களேன்" என்றார் சுகாதார அதிகாரி. அவருக்குக் குழுக்களில் அனுபவம் குறைவு.

"நடக்கலைன்னா படை எதுக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க. படைதான் வந்தாச்சே. இனிமே நடக்கலைன்னு எப்படிங்க சொல்ல முடியும்?"

"பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கலாம்" என்றார் வணிகர் சங்கத் தலைவர்.

"என்னன்னு? தயவுசெஞ்சு கொஞ்சம் கொள்ளையடிங்கன்னா?"

வணிகர் சங்கத் தலைவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் கடைப் பக்கம் வேண்டாம் என்றார்.

அப்போது தீர்ப்பு ஐயா தொண்டையைச் செருமினார். "என் வீட்டுல ஒரு திருட்டு நடந்திருக்கு."

ஆணையர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்படிங்களா ஐயா, ரொம்ப சந்தோஷம்" என்றவர், உடனே "வருத்தம்" என்று திருத்திக்கொண்டார். "என்ன போச்சு?"

"கதவு."

"கதவை உடைச்சு என்ன எடுத்தான்?"

"கதவைத்தான் எடுத்தான்."

"உள்ள இருந்த சாமான்?"

"எல்லாம் அப்படியே இருக்கு."

சுகாதார அதிகாரி வாயைத் திறந்தார். "எல்லாத்தையும் விட்டுட்டுக் கதவை மட்டும் ஒருத்தன் எதுக்குங்க..."

"அதுலேருந்தே தெரியலையா, எவ்வளவு கைதேர்ந்தவன்னு?" என்றார் தீர்ப்பு ஐயா. சுகாதார அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது.

பிறர் பொருளோடு தெருவில் காணப்படும் எவரையும் கைது செய்யலாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. ஊரில் சட்டம் அந்த நிமிடமே பிறந்துவிட்டது. ஒழுங்கு மறுநாள் காலை மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது.

கீழ்த்தெருத் தையல்காரர் ஒரு தள்ளுவண்டியில் கதவை ஏற்றிக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். அளவு நாடா வெள்ளத்திலும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. அன்று தண்ணீர் மார்புக்கு மேல் ஏறியபோது எங்கிருந்தோ இந்தக் கதவு அவர் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறது. தாயாரையும் இரண்டு பெண்குழந்தைகளையும் அதன்மேல் படுக்கவைத்து, மனைவியும் தானுமாகப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே நீந்திப் பள்ளிக்கூட மாடிப்படியில் கரைசேர்த்திருக்கிறார். தண்ணீர் வடிந்ததும் சேறு போகக் கழுவி, எண்ணெய் போட்டுத் துடைத்து, பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். கதவு தாத்தா காலத்துக்குப் பிறகு அவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லை.

மேட்டின் பாதியில் இன்ஸ்பெக்டர் வண்டியை மறித்தார்.

"யாரு வீட்டுக் கதவு இது?"

"தீர்ப்பு ஐயா வீட்டுதுங்க. பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு."

"அப்ப தெரிஞ்சேதான் எடுத்திருக்க."

"ஆமாங்க. தெரியாதவங்க வீட்டுதுன்னா மைதானத்துல வச்சிருப்பேன். தெரிஞ்சவங்களாச்சேன்னு கொண்டுவந்தேன்."

இவ்வளவு முழுமையான ஒப்புதல் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை. அவர் கண்கள் லேசாகக் கலங்கின என்று சொல்கிறார்கள்.

காவல் நிலையம் அப்போது தற்காலிகமாகப் பொது நூலகத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. குற்றவாளியை வைக்கப் பத்திரிகை வாசிக்கும் அறையை ஒதுக்கினார்கள். ஒரு சிக்கல்: அந்த அறைக் கதவையும் ஆறு கொண்டுபோயிருந்தது. சாதாரண அதிகாரியாக இருந்தால் கையைப் பிசைந்திருப்பார். நம் இன்ஸ்பெக்டர், திருட்டுக் கதவையே எடுத்து அறை வாசலில் சாத்தச் சொன்னார். களவுபோன பொருளும் களவாடியவரும் ஒரே இடத்தில் பாதுகாக்கப்பட்டனர். ஒன்றுக்கொன்று காவல். கீல் இல்லாததால் ஒரு கான்ஸ்டபிள் அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். அவர் டீ குடிக்கப் போன சமயங்களில் தையல்காரர் லேசாகத் தள்ளியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். ஏன் தள்ளவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "கீழ விழுந்து கீறல் பட்டா ஐயா வருத்தப்படுவாருல்ல" என்றாராம்.

தையல்காரரின் மனைவி மேட்டுத்தெருவுக்கு ஓடிவந்தாள். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் மஞ்சள் பூக்களுக்கு முன்னால் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டாள். மருமகள் விரிப்பை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கதவைக் கொண்டாந்து குடுக்கத்தான் வந்தாரு. திருடன்னு பிடிச்சு வச்சிருக்காங்க. ஐயா வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. ஊரு துணியை நம்பிக் குடுக்கிற தொழிலு எங்களது. திருடன்னு ஒரு பேரு விழுந்துச்சுன்னா அப்புறம் ஒரு கைக்குட்டைகூட எவரும் தரமாட்டாங்க."

கூடத்தில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தீர்ப்பு ஐயாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கதவில்லாத வீட்டில் இது ஒரு தொல்லை.

மருமகள் உள்ளே வந்தாள். "கிளம்புங்க மாமா."

"எங்க?"

"நீங்க பார்த்ததைச் சொல்ல."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? மீட்புக் குழுத் தலைவர் பொய்ப் புகார் குடுத்தாருன்னு ஆகும். மூணு தலைமுறை நீதிபதிக் குடும்பம். எங்க தாத்தா வாக்கு பொய்னு ஆகும்."

"சொல்லலைன்னா ஒரு மனுஷன் திருடன்னு ஆகும்."

"அவனுக்கு ஒரு தலைமுறைதானே ஆகும்?" என்றார் தீர்ப்பு ஐயா. எண்ணிக்கைப்படி இது சரி.

ஆனாலும் அவர் மருமகளோடு கிளம்பினார். நீதிமான் எப்போதும் கிளம்பிவிடுவார். போய்ச் சேருவதுதான் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது.

நூலகத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கான்ஸ்டபிள் கதவை நகர்த்தியதும் உள்ளேயிருந்த தையல்காரர் கைகூப்பி எழுந்தார்.

"வாங்க ஐயா. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். இவங்ககிட்ட சொல்லுங்க ஐயா, கதவு தண்ணியிலதானே வந்துச்சு? எங்கம்மா சொல்லச் சொன்னாங்க, உங்க கதவு இல்லைன்னா நாங்க யாருமே இல்லையாம். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்னு சொன்னாங்க."

தீர்ப்பு ஐயா கதவின்மேல் கைவைத்தார். வழவழப்பாக இருந்தது. கிழவி ஒருத்தியும் இரண்டு குழந்தைகளும் அதன்மேல் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போவது அவர் கண்ணில் வந்தது. அந்த ஒரு கணம் அவர் முதுகு சற்றே வளைந்தது என்று மருமகள் சொல்கிறாள். அது வதந்தி.

"நான் பார்த்தேன் இன்ஸ்பெக்டர்" என்றாள் மருமகள். "கதவு எங்க கண்ணு முன்னாடிதான் மிதந்து போச்சு."

"அம்மா, வெள்ளத்துல பயந்தவங்க நிறையப் பேருக்கு இந்த மாதிரி பொருளெல்லாம் நகர்றதா தோணுதாம்" என்றார் இன்ஸ்பெக்டர் பரிவோடு. "மனநல டாக்டர் ஒருத்தர் வந்திருக்காரு. பக்கத்து ரூம்தான்."

பிறகு ஐயாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ஒரே ஒரு விஷயம். கீல் இருந்த பக்கம் பூரா கரையான் அரிச்சிருக்கு. தொட்டா உதிருது. கோர்ட்டுல யாராவது, இது தானாவே பிய்ஞ்சு வந்திருக்கும்னு கேட்டுட்டா..."

கரையான். தாத்தா வைத்த கதவில். தீர்ப்பு ஐயாவின் முதுகு நேரானது.

"எங்க வீட்டுல இருந்தவரைக்கும் கரையான் கிடையாது."

"அப்ப இது?"

"அவன் கொண்டுபோய் வச்சிருந்த இடத்துல ஏறியிருக்கும்."

"இந்தக் கொஞ்ச நாள்லயா ஐயா?"

"கீழ்த்தெருக் கரையான்" என்றார் தீர்ப்பு ஐயா. "அதுக்கு என்ன ஒழுங்கு தெரியும்?"

தையல்காரருக்கு முதலில் புரியவில்லை. ஐயா ஏதோ தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கூப்பிய கையைப் பிரித்து, கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார். பிறர் சொத்தில் கரையான் வளர்த்துச் சேதம் விளைவித்ததாக இன்னொரு குற்றமும் அவர்மேல் சேர்ந்தது.

செய்தி பரவியது. நகரம் திருந்தியது. கீழ்த்தெருவில் இனி யாரும் பிறர் பொருளைத் தொடுவதில்லை என்று ஆகிவிட்டது. மைதானத்தில் பரப்பியிருந்த சாமான்களை விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். அவை மழையில் நனைந்து துருப்பிடித்தன. ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. நாற்சந்தியில் கைகாட்டிக்கொண்டிருந்தவரை அரசு ஊழியர்போல் நடித்ததாக எச்சரித்து அனுப்பினார்கள். அன்று மாலையே மூன்று லாரிகள் மோதிக்கொண்டன. போலீஸ் உடனே வந்து நின்றது. எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதை மக்கள் கண்ணால் கண்டார்கள்.

தையல்காரர் ஜாமீனில் வந்தார். கடையைத் திறந்தார். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. "இப்ப ஒண்ணும் அவசரம் இல்லப்பா, அப்புறம் தைச்சுக்கலாம்" என்று சொல்லி, வெட்டாத துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி திரும்பிப் போகிற வழியில் துணியை முழம்போட்டு அளந்து பார்த்தாள்.

இதை மருமகள் காலை உணவின்போது சொன்னாள். பிறகு, தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"அவரு எடுத்த கதவை அவரு திருப்பிக் கொண்டாந்துட்டாரு மாமா. நீங்க எடுத்தது அவரோட பேரு. அதை எப்ப திருப்பித் தரப்போறீங்க?"

"சாப்பிடும்போது வழக்கு பேசாத" என்றார் தீர்ப்பு ஐயா.

சேறு கழுவிய நகர மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. மேடையில் தீர்ப்பு ஐயா நேராக உட்கார்ந்திருந்தார். ஆணையர் அவர் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். பிறகு ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இவ்வளவு பெரிய ஊரு. இவ்வளவு பெரிய வெள்ளம். ஆனா நான் பெருமையா சொல்றேன், வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஊர்ல நடந்தது ஒரே ஒரு திருட்டுதான். அதுவும் நம்ம தீர்ப்பு ஐயா வீட்டுலதான் நடந்துச்சு."

மண்டபம் அதிரக் கைதட்டியது. முன்வரிசையில் மருமகள் எழுந்து நின்று, எல்லோரும் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். மாமனார்மேல் இவ்வளவு மரியாதையா என்று பக்கத்தில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அவளோ, ஓர் அதிகாரி மேடையேறி முழு உண்மையைச் சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.